படகுப் பரப்பிலிருந்து குறுக்குவெட்டு எடுத்தபோது

சென்ற மாதம் ஒரு ஃபைபர் படகின் வெளிப்பரப்பு ஐஜிஈஎஸ் கோப்பாக (வடிவமைப்பு மென்பொருள்களுக்கு இடையே வடிவங்களைப் பரிமாறும் கோப்பு வகை) என்னிடம் வந்தது. உள்ளே பொருத்தும் விலாச் சட்டங்களுக்காக, 500 மில்லிமீட்டருக்கு ஒன்றாகக் குறுக்குவெட்டுகள் தேவைப்பட்டன. ரைனோ என்ற முப்பரிமாண வடிவமைப்பு மென்பொருளில், வெட்டுக்கோடுகளை எடுக்கும் கான்டூர் கட்டளையைக் கொடுத்து, திசையையும் இடைவெளியையும் குறித்தால் போதும் என்றுதான் எண்ணினேன். ஆனால் கிடைத்த கோடுகள் எல்லாம் துண்டு துண்டாக இருந்தன.

ஐஜிஈஎஸ் கோப்புகளில் பரப்புகள் பெரும்பாலும் தனித்தனியாகவே வந்து சேரும். எந்த விளிம்பு எதனோடு ஒட்ட வேண்டும் என்ற செய்தி அவற்றோடு வருவதில்லை. ஷோ எட்ஜஸ் கட்டளையில் திறந்த (வேறு பரப்போடு ஒட்டாத) விளிம்புகளைப் பார்த்தபோது, படகின் நடுக்கோட்டை ஒட்டி இரண்டு பரப்புகளுக்கு இடையே 0.4 மில்லிமீட்டர் பிளவு தெரிந்தது. ஒவ்வொரு கோடும் அங்கேதான் அறுந்திருந்தது. டாலரன்ஸை, அதாவது எவ்வளவு இடைவெளி வரை ஒட்டியதாகக் கொள்ளலாம் என்ற வரம்பை, கூட்டி அந்தப் பிளவை மறைப்பது தவறு என்பதே என் உறுதியான கருத்து, ஏனெனில் பிழை அப்படியே பரப்பில் தங்கிவிடும். அந்த விளிம்பு ட்ரிம் செய்யப்படாததாக (நறுக்கப்படாத இயல்பான விளிம்பாக) இருந்ததால், ஒரு பரப்பின் விளிம்பை மற்றதோடு பொருத்தும் மேட்ச்சர்ஃப் கட்டளையால் பொருத்தி, ஜாயின் செய்து (இரண்டையும் ஒன்றாக இணைத்து), மீண்டும் வெட்டினேன். ஒவ்வொரு வெட்டுக்கும் ஒரே தொடர்ச்சியான கோடு கிடைத்தது.

அடுத்தது ஓட்டின், அதாவது படகின் வெளிச்சுவரின், தடிமன்; சட்டங்கள் உள்ளே பொருந்துவதால் அதைக் கழிக்க வேண்டும். அது பரப்புக்குச் செங்குத்தாக அளக்கப்படுவது. முன்முனையில் பரப்பு சாய்ந்திருப்பதால், வெட்டுத் தளத்தில் அதே தடிமன் கூடுதலாகத் தெரியும். ஆகவே கோட்டை உள்நோக்கி நகர்த்தாமல், பரப்பையே முதலில் ஆஃப்செட் செய்துவிட்டு (தடிமன் அளவுக்கு உள்ளே நகர்த்திவிட்டு) வெட்டினேன்.