ஈரம் காயும் வரை: பேரூரில் ஒரு சோமவாரம்

ஆயுத பூசையன்று உளிகளுக்கும் இழைப்புளிக்கும் சந்தனப் பொட்டு வைத்து, பட்டறையில் பொரியும் கடலையும் படைத்துக் கும்பிட்ட சில நாட்களிலேயே மழை பிடித்துக்கொண்டது. காங்கயத்தை அடுத்த எங்கள் பக்கம் கொளுக்கட்டைப் புல் முளைத்த மேய்ச்சல் காடும் கிளுவை வேலியுமாக விரிந்து கிடக்கும் வானம் பார்த்த பூமி. கிணறும் கால்நடையும் மழையை நம்பித்தான் இருக்கின்றன என்பதால் அதை இங்கே யாரும் குறை சொல்வதில்லை. ஆனாலும் ஐப்பசியும் கார்த்திகையும் தச்சுப் பட்டறையின் கையைக் கட்டிப்போடும் மாதங்கள்.

அப்போது எங்கள் பொறுப்பில் இருந்தது எங்கள் குலதெய்வக் கோயிலுக்கான இரட்டைக் கதவு. தை மாதக் குடமுழுக்குக்கு முன் அதை நிலையில் ஏற்றியாக வேண்டும். எனக்குத் தொழில் கற்பித்தவரான என் தாய்மாமாவும் நானும் தேக்கில் சட்டம் கூட்டி, சட்ட முனையில் நீட்டிய கழுந்தையும் அது நுழையும் துளையையும் பொருத்திப் பார்த்து, நடுவே பூவேலை செய்த பலகைகளைச் சட்டத்தில் வெட்டிய பள்ளமான சாலில் இறக்கும் கட்டத்துக்கு வந்தபோதுதான் ஈரம் வந்து சேர்ந்தது. மரம் நீளவாக்கில் ஏறக்குறைய அசையாது. அகலவாக்கில்தான் காற்றிலுள்ள ஈரத்தைக் குடித்து உப்பும். பதினான்கு அங்குல அகலமுள்ள பலகை ஒன்று பத்தே நாளில் ஒரு நூல் கூடியிருந்தது. அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கான அந்த ஒரு நூல் கேட்பவருக்கு அற்பமாகத் தோன்றலாம். ஆனால் சாலுக்குள் இடம் விடாமல் பலகையை இறுக்கிப் பூட்டிவிட்டால், உப்பும் பலகை சட்டத்தின் மூலையையே நெம்பிப் பிரித்துவிடும். மூன்று ஆண்டுகளுக்கு முன் ஒரு வீட்டுக் கதவில் நான் அப்படிச் செய்துவிட்டு, அடுத்த மழைக்காலத்தில் விரிந்து நின்ற மூலையைப் பார்த்துத் தலைகுனிந்தவன். அரக்குப் பாலிஷோ இந்த ஈரக் காற்றில் பூசிய கொஞ்ச நேரத்தில் வெள்ளை பூத்துவிடும். எனவே மாமா உளிகளுக்கு எண்ணெய் தடவித் துணியில் சுருட்டி வைத்துவிட்டு, "பேரூருக்குப் போயிட்டு வரலாம் மாப்பிள்ளை. பட்டிப் பெருமான்கிட்டச் சொல்லிப்போட்டு வந்தாத்தான் மனசு நிக்கும்" என்றார்.

கார்த்திகை மாதத்துச் சோமவாரம் ஒன்றில் விடியுமுன் புறப்பட்டோம். சிவன்மலை மேகத்துக்குள் மறைந்திருந்ததால் முருகன் இருக்கும் திசையைப் பார்த்துப் பேருந்திலிருந்தே கைகூப்பினோம். வேலை நின்றுபோன தச்சனின் கண்ணுக்கு ஓய்வு கிடையாது என்பதை அன்று வழி நெடுகக் கண்டேன். பல்லடத்துக்கு அருகே தேநீர்க் கடை ஒன்றின் சுவரில் பழைய கட்டை வண்டிச் சக்கரம் ஒன்று சாய்ந்திருந்தது. மாமா தேநீரை ஆறவிட்டு அதன் குடத்தையும் ஆரக்கால்களையும் விரலால் தொட்டுப் பார்த்தார், விளிம்பாக வளைந்த வட்டைத் துண்டுகள் ஒன்றோடொன்று சேரும் இடத்தில் நகத்தை வைத்து அழுத்தினார், நகம் இறங்கவில்லை. இரும்புப் பட்டாவை நெருப்பில் பழுக்க வைத்து மாட்டித் தண்ணீர் ஊற்றினால், அது சுருங்கிச் சக்கரத்தின் எல்லாப் பொருத்துகளையும் ஒரே பிடியாகப் பிடித்துக்கொள்ளும். அதைச் செய்தவர் மறைந்து எத்தனை காலமானதோ தெரியாது; அவர் கட்டிய இறுக்கம் மட்டும் இன்னும் தளரவில்லை.

கோவையிலிருந்து மேற்கே கொஞ்ச தூரத்தில்தான் பேரூர். வெள்ளியங்கிரி மலைகளில் பெய்த மழையெல்லாம் நொய்யலில் செம்மண் நிறமாக இறங்கி ஓடிக்கொண்டிருந்தது. சுந்தரர் தில்லையில் பாடும்போது, மீகொங்கில், அதாவது மேற்குக் கொங்கில் உள்ள 'காஞ்சிவாய்ப் பேரூர்' பெருமானைச் சிற்றம்பலத்திலேயே கண்டுவிட்டதாக உருகுகிறார். அவர் சொல்லும் காஞ்சி நதி இந்த நொய்யல்தான். படித்துறையில் முன்னோருக்கு எள்ளும் தண்ணீரும் விடுபவர்கள் குடைகளின் கீழ் உட்கார்ந்திருந்தார்கள். மாமாவும் தம் தந்தைக்காக நீர் விட்டார். அந்தத் தாத்தாவின் கொட்டாப்புளி என்னும் மரச் சுத்தியலைத்தான் இன்றும் நாங்கள் பயன்படுத்துகிறோம். கைபட்டுப் பட்டு அதன் பிடி அவருடைய உள்ளங்கையின் வடிவத்துக்குக் குழிந்திருக்கிறது.

பட்டிப் பெருமானாகிய பட்டீசுவரர் சந்நிதியில் கூட்டம் இருந்தது. காமதேனு புற்றின்மேல் பால் சொரிந்து வழிபட்டபோது அதன் கன்றாகிய பட்டியின் கால் பட்டுப் பதிந்த குளம்படியை இறைவன் தம் திருமேனியில் ஏற்றுக்கொண்டார் என்பது தலவரலாறு. கன்றின் பிழையைத் தழும்பாக அல்லாமல் அடையாளமாகத் தாங்கி நிற்கும் அந்தத் திருமேனியின் முன், என் பழைய கதவின் விரிந்த மூலை ஏனோ நினைவுக்கு வந்து தொண்டை அடைத்தது. கதவு நல்லபடியாக முடியட்டும் என்று வேண்டிக்கொண்டேன். மாமா தம் நேர்த்திக்கடனைச் சத்தமாகவே சொன்னார்: மழை ஓய்ந்து மரம் காய்ந்ததும் இழைப்புளியில் வரும் முதல் சுருளைப் பெருமானுக்கே படைப்பதாக. பச்சைநாயகி அம்மனையும் வணங்கிக்கொண்டு நடராசர் இருக்கும் கனகசபை மண்டபத்துக்கு நடந்தோம்.

பேரூரை மேலைச் சிதம்பரம் என்று வழங்குவார்கள். மதுரை நாயக்கர் மரபைச் சேர்ந்த அளகாத்ரி நாயக்கர் 17ஆம் நூற்றாண்டில் எடுத்த இந்த மண்டபத்துக்குள் நுழைந்ததும் இரு பக்கமும் ஆளுயரத்தை மிஞ்சிய கற்சிலைகள் நிற்கின்றன. யானைத் தோலை உரித்துப் போர்த்திய மூர்த்தி, கால் தூக்கி ஆடும் ஊர்த்துவ தாண்டவர், அவருடன் போட்டியிட்ட காளி, வீரபத்திரர், பிட்சாடனர் என ஒவ்வொன்றின் முன்னும் மக்கள் முகத்தை அண்ணாந்து பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொள்கிறார்கள். மாமாவும் கன்னத்தில் போட்டுக்கொண்டார். பின்னர் பக்கவாட்டில் நகர்ந்து, யானைத்தோல் மூர்த்தியின் முதுகுக்குப் பின்னால், தோல் விரிந்து மேனியை விட்டு விலகும் இடுக்கைப் பார்த்துக்கொண்டு நெடுநேரம் நின்றார். "முன்னால செதுக்குனது பெரிசில்ல மாப்பிள்ளை. இந்தச் சந்துக்குள்ள உளிய எந்தப் பக்கமிருந்து விட்டிருப்பாங்க? சுத்தியல் வீசக்கூட இடமில்லையே!" என்றார். பிறகு குரல் தாழ்த்தி, "ஆரும் பாக்காத பக்கத்துலயும் வழவழன்னு இருக்குது பாரு" என்றார்.

கூரையிலிருந்து தொங்கும் கற்சங்கிலியின் கீழ் வந்ததும் எங்கள் இருவருக்குமே பேச்சு நின்றுவிட்டது. ஏனென்றால், எனக்குப் பதினாறு வயதானபோது மாமா வேப்பங்கட்டை ஒன்றைக் கொடுத்து, ஒட்டாமல், ஆணி அடிக்காமல், ஒரே கட்டையில் ஐந்து வளையச் சங்கிலி செய்து கொண்டுவரச் சொன்னார். அதன் முறை இதுதான்: குறுக்குவெட்டில் கூட்டல் குறியாகத் தெரியும்படி கட்டையின் நான்கு மூலைகளையும் முதலில் செதுக்கி எடுத்துவிட வேண்டும். நிற்கும் பட்டையில் ஒரு வளையம், படுத்த பட்டையில் அடுத்த வளையம் என்று மாற்றி மாற்றிக் குறித்துக்கொண்டு, சிறிய உளியால் உள்ளே குடைந்துகொண்டே போக வேண்டும். கடைசியில் ஒவ்வொரு வளையமும் அடுத்ததை ஒரு மெல்லிய ஒட்டில் மட்டும் பிடித்துக்கொண்டிருக்கும். அந்த ஒட்டை அறுத்து விடுவிக்கும் நொடியில் அவசரப்பட்டால் ரேகை ஓடிய வழியில் வளையம் பிளந்துபோகும். நான் மூன்று கட்டைகளைப் பாழாக்கி நான்காவதில்தான் கரையேறினேன். மரம் பிளந்தால் வேறு கட்டை எடுத்துக்கொள்ளலாம். இங்கேயோ கூரைக் கல்லோடு பிறந்த சங்கிலி. ஒரு வளையம் உடைந்திருந்தால் மொத்தக் கல்லும் வீண். அந்தக் கடைசி ஒட்டை விடுவித்த சிற்பி அன்று காலையில் என்ன சாப்பிட்டிருப்பார், யாரை நினைத்துக்கொண்டு உளியைத் தொட்டிருப்பார் என்று எண்ணியபோது என் கைகள் தாமாகவே கூப்பின.

தூணின் உச்சியில் இருக்கும் போதிகையை மாமா சுட்டிக்காட்டினார். மர விட்டம் நடுவில் தொய்ந்துவிடாமலிருக்கத் தூணின் தலையில் இரு பக்கமும் நீண்ட கட்டை ஒன்றை வைத்துத் தாங்கல் கொடுப்பது தச்சர்களின் பழைய ஏற்பாடு. கல்லுக்கு மாறிய பிறகும் சிற்பிகள் அந்தக் கட்டையை விடவில்லை. அதன் முனையைப் பூமொட்டாக மலர்த்திவிட்டார்கள். பல்லவ மன்னன் மகேந்திரவர்மன் மண்டகப்பட்டில் 7ஆம் நூற்றாண்டில் குடைந்த குகைக்கோயிலின் கல்வெட்டு, செங்கல்லும் மரமும் உலோகமும் சுண்ணாம்பும் இன்றி அதைச் செய்ததாகப் பெருமையுடன் சொல்கிறது; அப்படியானால் அதுவரை கோயில்கள் எவற்றால் எழுந்தன என்பதற்கு அதுவே சாட்சி. சிதம்பரத்தின் சித்சபை இன்றும் மரத்தால் ஆனதுதான். அதன் பொற்கூரையில் கலைகளின் கணக்காக 64 கைமரங்களும், ஒரு நாளில் மனிதன் விடும் மூச்சின் கணக்காக 21,600 ஓடுகளும், நாடிகளின் கணக்காக 72,000 ஆணிகளும் உண்டு என்பது மரபு. சிற்றம்பலத்தில் மரமாக நின்றதுதான் மேலைச் சிதம்பரத்தில் கல்லாக நிற்கிறது என்று எண்ணிக்கொண்டு நடராசப் பெருமானைத் தொழுதபோது, எங்கள் தொழிலும் அந்த ஆட்டத்துக்கு மேடையிட்ட தொழில்களில் ஒன்று என்ற நிறைவு எனக்கு ஏற்பட்டது.

இறவாப் பனையையும் பிறவாப் புளியையும் பார்த்துவிட்டுத்தான் திரும்ப வேண்டும் என்று மாமா பிடிவாதமாக இருந்தார். இந்தப் புளியமரத்தின் விதை மீண்டும் முளைக்காது என்பதும், பேரூரை அடைந்தவருக்கு மறுபிறவி இல்லை என்பதும் நம்பிக்கை. அவர் தூறலில் நனைந்தபடி வெகுநேரம் அந்த மரத்தடியில் நின்றார்.

திரும்பும் பேருந்தில் பேச்சு பவானிக்குத் தாவியது. கோவைக் கலெக்டராக இருந்த வில்லியம் கேரோ, தம் உயிரைக் காத்த வேதநாயகி அம்மனுக்கு 1804இல் காணிக்கையாக அளித்த தந்தக் கட்டில் சங்கமேசுவரர் கோயிலில் இருக்கிறது. தந்தம் வளைந்தது, அடிப்பக்கம் உள்ளே பொள்ளலாக இருப்பது. அதிலிருந்து அகலமான பலகை எடுக்க முடியாது. அத்தனை சின்னத் துண்டுகளை எப்படிக் கோத்திருப்பார்கள் என்று மாமா கேட்டுக்கொண்டே வந்தார். காங்கயத்தில் இறங்கும்வரை என்னிடம் பதில் இல்லை.

கார்த்திகை முழுவதும் ஈரம் நீங்கவில்லை. மார்கழி பிறந்து சில நாள் கழித்து வெயில் சுள்ளென்று அடித்தது. இன்னும் நான்கு நாள் பொறுத்தோம். பின்னர் ஒரு காலையில் மாமா பலகையை நிமிர்த்தி விரல் கணுவால் தட்டிப் பார்த்தார். மொத்தென்று ஒலித்துக்கொண்டிருந்தது இப்போது கணீரென்று பேசியது. "காஞ்சிருச்சு மாப்பிள்ளை" என்று சொல்லி இழைப்புளியை என் கையில் கொடுத்தார். "நீங்களே இழைங்க மாமா" என்றேன். அவர் தலையசைத்து மறுத்துவிட்டார். பலகையின் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை அறுபடாமல் தேக்கு மணத்தோடு ஒரு சுருள் எழுந்தது. அதை அவர் இரு கையாலும் ஏந்தி, பட்டறைச் சுவரில் பட்டீசுவரர் படத்தின் கீழே விளக்குக்கு எட்டாமல் வைத்தார். பிறகு அளவுகோலை எடுத்துக்கொண்டு வந்து, சாலில் இரண்டு பக்கமும் ஒவ்வொரு நூல் இடம் விட்டிருக்கிறேனா என்று குனிந்து பார்த்தார்.