கடைசி ஊசி எத்தனை மணிக்கு?

பேராக்கில் ஒரு தோட்டப்புற ஊர். சுற்றிலும் செம்பனை, நடுவில் சின்ன மருத்துவமனை, அதில் நான் எம்.ஏ., அதாவது மருத்துவ உதவியாளர். இதய ரத்தக்குழாய்க்குள் குழாய் விட்டு அடைப்பைப் பார்க்கும் ஆஞ்சியோ இங்கே கிடையாது. நெஞ்சுவலி என்று வருபவரைக் கொஞ்சம் தேற்றி ஆம்புலன்ஸில் பெரிய ஊருக்கு ஏற்றிவிடுவதோடு நம் பங்கு முடிந்தது என்றுதான் ரொம்ப நாள் நினைத்திருந்தேன்.

ஒருமுறை குலை வெட்டும் ஐயா ஒருவரை அனுப்பினோம். வார்டில் இரண்டு நாளாக 12 மணி நேரத்துக்கு ஒருதரம் எனோக்சாபரின், ரத்தம் உறையாமல் தடுக்கும் ஊசி, வயிற்றில். "வயிறெல்லாம் நீலம் பூத்துக் கெடக்கே தம்பி" என்று அவர் மனைவி பதறினார். "உபாட் சாயிர் டாராம்மா, ரத்தத்தை இளக்குற மருந்து, அப்படித்தான் இருக்கும்" என்றேன். கடிதத்தில் மருந்தின் பெயர், அளவு எல்லாம் எழுதினேன்.

சாயங்காலம் மூன்று மணிக்குப் பெரிய ஊரின் கேத் லேப்பிலிருந்து, அதாவது ஆஞ்சியோ செய்யும் அறையிலிருந்து, போன். "கடைசி ஊசி எப்போது?" ஐயா மேசையில் படுத்தாயிற்று, மணிக்கட்டில் குழாயும் போட்டாயிற்று. நான் நேரத்தை எழுதவில்லை. ஓடிப்போய் மருந்துச் சீட்டைப் பார்த்தேன்: காலை 6.

அடைப்பை நீக்க வயரும் பலூனும் ரத்தக்குழாய்க்குள் போனால் அதன்மேல் ரத்தம் உறையும், அதனால் மருந்து முன்கூட்டியே உடம்பில் இருக்க வேண்டும், கூடிப்போனால் ரத்தம் கசியும். வெறும் ஹெப்பரின் என்றால் கிலோவுக்கு 70 முதல் 100 யூனிட் போட்டு, ரத்தம் உறைய எத்தனை நேரமாகிறது என்று காட்டும் ஏ.சி.டி. சோதனையைப் பார்த்துக் கூட்டிக்கொள்ளலாம். எனோக்சாபரின் அந்தச் சோதனையில் சரியாகப் பிடிபடாது. கடிகாரம்தான் கணக்கு. வழக்கமாக ஊசி போட்டு வந்தவருக்குக் கடைசி ஊசி 8 மணி நேரத்துக்குள் என்றால் மேலே ஒன்றும் வேண்டாம். 8 முதல் 12 என்றால் எனோக்சாபரினையே ரத்த நாளத்தில் கிலோவுக்கு 0.3 மில்லிகிராம். தெரியாமல் ஹெப்பரினை அதன்மேல் ஏற்றினால் ரத்தக்கசிவுக்கு நாமே வழிவிட்டது மாதிரி. ஐயாவுக்கு 9 மணி நேரம். 0.3 போட்டார்கள்.

ஃபோன்டாபரினக்ஸ் என்ற இன்னொரு உறைதடுப்பு ஊசி வேறு கதை. அது போட்டிருந்தாலும் மேசையில் ஹெப்பரின் கொடுத்தே ஆக வேண்டும், இல்லாவிட்டால் உள்ளே விடும் குழாயிலேயே (கத்தீட்டர்) ரத்தம் உறைந்து கட்டிக்கொள்ளும். 2006-இல் வந்த ஓயாசிஸ்-5 ஆய்வில் இது தெரிந்தது. ஆகவே எந்த ஊசி என்பதும் முக்கியம்.

இப்போதெல்லாம் கடிதத்தின் உச்சியிலேயே மருந்து, அளவு, மணி, நிமிஷம் எழுதிக் கட்டம் கட்டிவிடுகிறேன். "என்ன சார், ஊசிக்கு ஜாதகம் குறிக்கிறீங்களா?" என்கிறார் எங்கள் நர்ஸ் மிஸ்ஸி.