மவுசாக்கலைக் கரையில் கறுப்பனோடு

இலங்கையின் மலையகத்தில் மஸ்கெலியா ஓயா என்னும் ஆற்றை மறித்து 1969ஆம் ஆண்டு கட்டி முடிக்கப்பட்ட மவுசாக்கலை நீர்த்தேக்கத்தின் ஓரத்தில், இரண்டு தேயிலை மலைகளுக்கு நடுவே நீர் உள்வாங்கி நிற்கும் சிறிய குடா ஒன்று இருக்கிறது; மழை குறைந்த மாதங்களில் எங்கள் நாய் கறுப்பனை நான் அங்கேதான் அழைத்துச் செல்வேன். நீர் வற்றும்போது, மூழ்கிப்போன பழைய மஸ்கெலியா நகரத்தின் கோயிலும் பள்ளிவாசலும் வெளியே தெரியும் இடம் என்பதால், அங்கு சத்தமிடாமல் நடப்பதே மரியாதை என்று நான் நினைக்கிறேன்.

கறுப்பன் ஈரச் சேற்றை முகர்ந்தபடி கரையோரமாகவே போவான். ஆழம் சட்டென்று கூடக்கூடும் என்பதால் கயிற்றை நான் விடுவதில்லை. திரும்பியதும் அவனுடைய விரலிடுக்குகளையும் காதுகளையும், முக்கியமாக மூக்கையும், அட்டை இருக்கிறதா என்று பார்ப்பேன். மூக்கினுள் அட்டை புகுந்தால் இரத்தம் விட்டுவிட்டுக் கசியும். அதை மிருக வைத்தியரைக் கொண்டே எடுப்பிக்க வேண்டும்.