சுவருக்குள் 600 லீற்றர்

எங்கள் வீட்டு ஹோலுக்கும் அதன் பின்னாலுள்ள சாமான் அறைக்கும் இடையிலான சுவரில் ஆறடி நீளத்துக்கு வாய் திறந்து, அதற்குள் ஒரு மீன் தொட்டியைப் பொருத்தப்போகிறேன் என்று சொன்ன அன்று, மூதூரிலிருந்து வந்திருந்த அக்கா தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, "திருகோணமலையிலை இருந்துகொண்டு மீன் பாக்கிறதுக்கு ஆராவது வீட்டுச் சுவரை உடைப்பாங்களோ? கடல் நடக்கிற தூரத்திலைதானே கிடக்கு" என்று கேட்டார். அந்தக் கேள்விக்கு இன்றுவரை என்னிடம் ஒழுங்கான பதில் இல்லை. ஆனால் வேலை முடிந்து ஓராண்டு கடந்துவிட்டது. இப்படியொரு எண்ணத்தோடு சுவரைப் பார்த்துக்கொண்டிருக்கும் வேறு யாருக்காவது உதவக்கூடும் என்பதால் நடந்தவற்றை எழுதிவைக்கிறேன்.

முதலில் மேசனிடம்தான் பேசினேன். படங்களில் காண்பதுபோலச் சுவரே தொட்டியைத் தாங்கி நிற்கும் என்று நான் எண்ணியிருந்தேன். அவர் சுவரை விரல் முட்டியால் இரண்டு தட்டுத் தட்டிப் பார்த்துவிட்டு, "சேர், இது ஆறு அங்குலக் கல்லுச் சுவர். ஒரு அலுமாரித் தட்டைத் தாங்கும், குளத்தைத் தாங்காது. கீழை அத்திவாரத்திலையிருந்து தனியா எழுப்பவேணும்" என்றார். பௌதிகம் படிப்பித்த எனக்கு இதை அவர் சொல்லியிருக்கத் தேவையில்லை என்பது சற்று வெட்கமாகத்தான் இருந்தது. ஆறடி நீளம், இரண்டடி அகலம், இரண்டடி உயரம் என்று நான் வரைந்திருந்த தொட்டியில், கண்ணாடியின் தடிப்பையும் மேலே விடும் வெற்றிடத்தையும் கழித்தால் ஏறத்தாழ 600 லீற்றர் தண்ணீர் நிற்கும். லீற்றருக்கு ஒரு கிலோ. 12 மில்லிமீற்றர் கண்ணாடி ஒரு சதுர மீற்றருக்கு 30 கிலோ வீதம் 120 கிலோவைச் சேர்க்கும். மணலும் கற்களும் இன்னொரு 80 கிலோ. ஆக 800 கிலோ, அதாவது 50 கிலோ சீமெந்துப் பைகள் பதினாறை ஒரு கட்டிலின் பாதி அகலத்தில் அடுக்கி, அவற்றை என்றென்றைக்குமாக அங்கேயே விட்டுவைப்பது போன்றது. சாதாரண வீட்டின் மேல்மாடித் தளம் சதுர மீற்றருக்கு 150 கிலோ அளவான பாரத்துக்கே கணிக்கப்படுகிறது. இந்தத் தொட்டியோ சதுர மீற்றருக்கு 700 கிலோவுக்கு மேல் அழுத்துகிறது. ஆகவே மேல்மாடியில் இதைச் செய்ய விரும்புவோர் மேசனிடமன்றிப் பொறியியலாளரிடம் போவதே நல்லது. எங்களுடையது நிலத்தோடு ஒட்டிய வீடு என்பதால் அந்தச் சிக்கல் இருக்கவில்லை.

திறப்புக்கு மேலே, மேற்சுவரைத் தாங்கும் உத்தரமாக, கொங்கிறீற் லிண்டல் ஒன்றை இருபுறமும் ஒன்பது அங்குலம் சுவருக்குள் ஏறும்படி வார்த்து, அது இறுகிய பின்னரே கல்லைக் கழற்றினார்கள். தொட்டிக்கான மேடையைச் சாமான் அறைப் பக்கமாக, மூன்று கல்தூண்களின் மேல் ஒரு கொங்கிறீற் தட்டாகக் கட்டினோம். இரும்புக் கோணத்தில் ஒட்டிச் செய்த தாங்கி விலையில் பாதிதான். ஆனால் உவர்மலைப் பக்கத்து வீடுகளில் யன்னல் கம்பிகள் படும் பாட்டைப் பார்த்தவர்கள், உப்புக் காற்றும் தொட்டியின் ஈரமும் சேரும் இடத்தில் இரும்பை நம்பமாட்டார்கள். மேடையின் மேல் ரெஜிபோம் என்னும் வெள்ளை நுரைத் தகட்டை ஓர் அங்குலத் தடிப்பில் விரித்து அதன்மேல் தொட்டி உட்கார்ந்திருக்கிறது. மேடையில் ஒரு மணல் பருக்கை துருத்திக்கொண்டிருந்தாலும் அடிக்கண்ணாடி அந்தப் புள்ளியில் விரிசல் காணலாம், ரெஜிபோம் அதை உள்வாங்கிக்கொள்கிறது. தொட்டி சுவரை எங்குமே தொடவில்லை. இடைவெளியை முன்புறம் ஒரு முதிரை மரச் சட்டம் மறைக்கிறது. அந்தச் சட்டமும் கழற்றக்கூடியதே, சீமெந்தால் பூசி அடைத்ததல்ல.

சட்டத்தின் உள்ளளவு கண்ணாடியைவிடச் சிறியது. கீழே மணலின் வெட்டுமுகமும் மேலே நீர்மட்டமும் விளக்கும் அதன் பின்னால் ஒளிந்துவிடுவதால், ஹோலில் இருப்பவருக்குத் தண்ணீருக்குத் தொடக்கமும் முடிவும் தெரிவதில்லை. இன்னொன்றையும் தொட்டி வாங்குமுன் தெரிந்திருக்கவேண்டும்: ஒளியை நீர் எவ்வளவு வளைக்கிறது என்பதைக் காட்டும் முறிவுச் சுட்டி 1.33 என்பதால் இரண்டடி அகலமுள்ள தொட்டி முன்னாலிருந்து பார்க்க ஒன்றரை அடியாகவே தோன்றும். சுவரோடு சுவராக இருக்கட்டும் என்று ஓரடி அகலத்தில் செய்திருந்தால் மீன்கள் படத்தில் ஒட்டியவைபோல இருந்திருக்கும்.

கண்ணாடியின் தடிப்பைத் தீர்மானிப்பது ஆழம். நீளம் எவ்வளவானாலும் நீரின் அழுத்தம் ஆழத்தோடுதான் கூடுகிறது. குளக்கட்டுகள் அடியில் அகன்றும் மேலே ஒடுங்கியும் இருப்பது அதனால்தான். எங்கள் குழாய்த் தண்ணீர் வரும் கந்தளாய்க் குளத்தின் கட்டு 1986 ஏப்ரல் 20 அன்று உடைந்ததை நினைவுள்ள எவரும் நிறைந்து நிற்கும் தண்ணீரை அமைதியான பொருளென்று எண்ணமாட்டார்கள். எங்கள் முன்கண்ணாடி ஒன்றின் மீது மட்டும் 290 கிலோ அளவான விசை இரவும் பகலும் தள்ளிக்கொண்டிருக்கிறது. ஆகவே மேல்விளிம்பு நெடுகிலும் நான்கு அங்குலக் கண்ணாடிப் பட்டிகளும் நடுவில் ஒரு குறுக்குப் பட்டியும் ஒட்டப்பட்டன. சிலிக்கோன் வாங்கும்போது குளியலறைக்கென விற்பதைத் தவிர்க்கவேண்டும், பூஞ்சணம் பிடிக்காதிருக்க அதில் கலக்கும் மருந்து மீனைக் கொன்றுவிடும். நடைபாதையின் வளைவில் தொட்டி திரும்பாது என்பதால் மேடைமேலேயே வைத்து ஒட்டினோம். ஒரு வாரம் காயவிட்டு, அடியில் பத்திரிகைத் தாள் விரித்து, மூன்று நாட்களில் மூன்று பங்காக நிரப்பினோம். தாள் நனையவில்லை. அந்த மூன்று இரவுகளும் நான் உறங்கவில்லை என்பதை மனைவி எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

சுவர்த் தொட்டி என்பது உண்மையில் சுவருக்குப் பின்னாலுள்ள ஓர் அறை. முன்பக்கம் செலவாகும் ஒவ்வொரு மணித்தியாலத்துக்கும் பின்பக்கம் நாலு மணித்தியாலம் செலவாகும். தொட்டிக்கு மேலே இரண்டடி வெளி விட்டிருக்கிறேன், கை தோள்வரை உள்ளே போய் அடிமணலைத் தொட அது வேண்டும். பின்னால் ஆள் நிற்க இரண்டரை அடி, ஒரு ஸ்டூல், தரையில் வடிகால், திறந்துவைக்கக்கூடிய யன்னல், சுவரில் தனியான தண்ணீர்க் குழாய். மின்சாரத்துக்கு, மின் கசிந்தால் உடனே துண்டிக்கும் 30 மில்லிஅம்பியர் ட்ரிப் சுவிட்ச் தனியாக இருக்கிறது. ஒவ்வொரு கம்பியும் பிளக்குக்குக் கீழே ஒரு முறை தொங்கி வளைந்த பின்னரே மேலேறுகிறது. கம்பி வழியே வழியும் துளி அந்த வளைவில் சொட்டிவிடும், பிளக்குக்குள் போகாது. இவற்றையெல்லாம் சாமான் அறையின் அரிசிப் பீப்பாவையும் பழைய தையல் இயந்திரத்தையும் வெளியேற்றித்தான் சாதித்தேன். மொத்தச் செலவை இங்கே எழுதப்போவதில்லை, இதை வீட்டிலும் வாசிப்பார்கள்.

இத்தனை கவனத்துக்குப் பின்னும் ஒரு தவறு நடந்தது. மேடையின் கீழே 100 லீற்றர் வடிகட்டித் தொட்டி ஒன்று பாதி நிறைந்து நிற்கிறது. மேலிருந்து வழியும் நீர் அதில் விழுந்து, சுத்தமாகி, பம்பினால் மீண்டும் மேலேறும். மீளும் குழாயின் வாயை நீர்மட்டத்துக்குப் பத்து சென்ரிமீற்றர் கீழே வைத்திருந்தேன். ஓர் இரவு கரண்ட் போனது. பம்பு நின்றதும் அதே குழாய் எதிர்த்திசையில் நீரை உறிஞ்சத் தொடங்கி, அதன் வாய் வெளித்தெரியும்வரை நிற்கவில்லை. எங்கள் தொட்டியில் ஒரு சென்ரிமீற்றர் என்பது பத்து லீற்றருக்குச் சற்று அதிகம். ஆகவே நூறு லீற்றருக்கு மேல் கீழே இறங்கியது, பாதி தரையில் ஓடியது. மறுநாள் குழாயில், நீர்மட்டத்துக்கு ஒரு சென்ரிமீற்றர் கீழே, ஐந்து மில்லிமீற்றர் துளை ஒன்று இட்டேன். இப்போது அந்தத் துளையால் காற்றுப் புகுந்து உறிஞ்சல் உடனே அறுந்துவிடுகிறது. 2022இல் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணித்தியாலம் வரை மின்வெட்டை அனுபவித்த நாட்டில், மின்கலத்தில் ஓடும் காற்றுப் பம்பு ஒன்றையும் வைத்திருக்கிறேன்.

கடல் மீன் வளர்க்கலாமே, புறாமலையிலிருந்து நாலு பவளம் கொண்டுவந்து போடலாமே என்று பலர் கேட்டார்கள். அந்தத் தீவும் அதைச் சுற்றிய கடலும் 2003இலிருந்து தேசியப் பூங்கா. அங்கிருந்து ஒரு துண்டு பவளமும் எடுக்கக்கூடாது, எடுக்க நினைப்பதே எனக்குப் பிடிக்கவில்லை. நன்னீர்த் தொட்டியில் செரி பாப் முப்பது விட்டிருக்கிறேன். 1929இல் விஞ்ஞானப் பெயர் பெற்ற, நம் நாட்டின் தென்மேற்கு ஓடைகளுக்கே உரிய சிறு மீன் அது. பண்ணையில் பிறந்தவையாகக் கேட்டு வாங்கினேன். அதற்குமுன் ஆறு வாரம் தொட்டி மீனின்றியே ஓடியது. கழிவில் உண்டாகும் அமோனியாவை முதலில் நைத்திரைற்றாகவும் பின்பு நைத்திரேற்றாகவும் மாற்றும் பற்றீரியாக்கள் வடிகட்டியில் குடியேற அவ்வளவு காலம் வேண்டும். வெறும் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்த அந்த ஆறு வாரமும் அக்காவின் தொலைபேசி அழைப்புகள் ஓயவில்லை.

ஆனி, ஆடியில் கச்சான் காற்று வீசும்போது நீரின் வெப்பம் முப்பதைத் தாண்டுகிறது. மேற்பரப்பில் ஒரு சிறு மின்விசிறியை ஓடவிட்டால் ஆவியாதலால் இரண்டு மூன்று பாகை இறங்கும், ஆனால் தண்ணீரும் நாள்தோறும் குறையும். குறைந்ததைக் குழாய் நீரால் மட்டும் ஈடுசெய்தால் உப்புகள் சேர்ந்துகொண்டே போகும் என்பதால், மாரியில் பிடித்துவைத்த மழைநீரைக் கலக்கிறேன்.

போன கிழமை மேசன் தன் மகனோடு அவ்வழியே வந்தவர் எட்டிப் பார்த்தார். ஹோலில் போட்டிருந்த கதிரையில் உட்காரச் சொன்னேன். உட்காராமல் நேரே பின்னறைக்குப் போனார். லிண்டலின் அடியையும் மேடைத் தட்டின் விளிம்பையும் உள்ளங்கையால் தடவிக்கொண்டே ஒரு சுற்று வந்தார். "ஈரம் இல்லை, சேர்" என்றார். அதற்குப் பிறகுதான் முன்னால் வந்து, மகனைப் பக்கத்தில் இருத்தி, மீனைப் பார்க்கத் தொடங்கினார்.