கோஜென் போடும் முன்: மின் பில்லை ஓரமாக வையுங்கள்

மருத்துவமனை, தங்கும் விடுதி, நீச்சல்குளம், சலவைக்கூடம் போன்ற இடங்களில் கேஸ் எஞ்சின் வைத்து மின்சாரமும் வெந்நீரும் சேர்த்து எடுக்கும் கோஜென் வேலையில் இருக்கிறோம். வருகிற கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: "எங்கள் மின் தேவை 400 கிலோவாட், அதற்கு எந்த எஞ்சின் சரிவரும்?" மின் தேவையிலிருந்து தொடங்கினால் எஞ்சின் பெரிதாகிவிடும், வெப்பம் போக இடமில்லாமல் நிற்கும். வெப்பம் வீணாகும்போது அது வெறும் விலை உயர்ந்த ஜெனரேட்டர்தான்.

எனவே முதல் வேலை, வெப்பத் தேவையை மணிக்கணக்கில் அளப்பது. மாத கேஸ் பில்லை நாட்களால் வகுத்துப் பயனில்லை. இரவு இரண்டு மணிக்கும் வெயில் காலத்திலும் எவ்வளவு குறைகிறது என்பதை அது மறைத்துவிடும். பாய்லர் பிரதானக் குழாயில் வெளியே பொருத்தும் அல்ட்ராசோனிக் ஃப்ளோ மீட்டரும், போகும் குழாய்க்கும் திரும்பும் குழாய்க்கும் ஒவ்வொரு சென்சாரும் போதும். வருடத்தின் 8,760 மணி நேரத்தையும் வெப்பத் தேவைப்படி பெரியதிலிருந்து சிறியதாக அடுக்கிப் பாருங்கள். சுமார் 5,000 மணி நேரமாவது முழுச் சுமையில் ஓடக்கூடிய அளவுதான் எஞ்சினின் அளவு. உச்சத் தேவையோடு ஒப்பிட்டால் அது சிறியதாகத் தெரியும். தெரியட்டும், மீதியை பாய்லர் பார்த்துக்கொள்ளும். பல எஞ்சின்களை 50 சதவீதச் சுமைக்குக் கீழே ஓட்ட முடியாது. பெரிதாக வாங்கினால் நின்று நின்று கிளம்பும், தேய்மானமும் கூடும்.

அடுத்து, விலைப்புள்ளியில் ஒரு பொறி. 100 கிலோவாட் மின்சாரம், 145 கிலோவாட் வெப்பம், 280 கிலோவாட் எரிபொருள் என்று போட்டிருக்கும். மின் திறன் 36 சதவீதம், மொத்தம் 87.5. ஆனால் அந்த 280 நிகர வெப்ப மதிப்பில் எழுதியது, அதாவது எரியும்போது உருவாகும் நீராவியில் போகும் வெப்பத்தைக் கணக்கில் சேர்க்காமல். பல இடங்களில் கேஸ் பில் வருவது அதையும் சேர்த்த மொத்த வெப்ப மதிப்பில். இயற்கை எரிவாயுவுக்கு வித்தியாசம் சுமார் 11 சதவீதம். ஆக பில்லில் ஏறுவது 311 கிலோவாட், மின் திறன் 32 சதவீதம்தான். இந்தத் திருத்தம் செய்யாமல் போட்ட வருமானக் கணக்கு காகிதத்தில் மட்டும்தான் லாபம் காட்டும்.

அதிகம் சிக்கல் வருவது குழாய் வேலையில். எஞ்சினைக் குளிர்விப்பதே கட்டடத்திலிருந்து திரும்பும் நீர்தான், அது பொதுவாக 70 டிகிரிக்கு மேல் போகக்கூடாது. பழைய கட்டடங்களில் மூவழி வால்வுகள் சூடான நீரைப் பயன்படுத்தாமலே திருப்பி அனுப்பிவிடும். திரும்பும் நீர் 74 டிகிரியில் வந்தால் எஞ்சினைச் சுற்றி ஓடும் ஜாக்கெட் நீரின் வெப்பநிலை ஏறி எஞ்சின் டிரிப் ஆகும், அதாவது தானாக நின்றுவிடும். எஞ்சின்மேல் பழி விழும், கோளாறு வால்வில் இருக்கும். அவற்றை இருவழி வால்வாக மாற்றி, பம்புக்கு வேகக் கட்டுப்பாடு போடுவதற்கான செலவை ஆரம்பத்திலேயே திட்டத்தில் சேர்த்துவிடுங்கள்.

வெந்நீர் சேமிப்புத் தொட்டியின் அளவையும் திரும்பும் நீரின் வெப்பநிலைதான் முடிவு செய்யும். 145 கிலோவாட்டை ஒரு மணி நேரம் தேக்க, போகும் நீருக்கும் திரும்பும் நீருக்கும் 20 டிகிரி இடைவெளி இருந்தால் 6.2 கன மீட்டர் தொட்டி போதும். இடைவெளி 10 டிகிரியாகச் சுருங்கினால் 12.5 கன மீட்டர் வேண்டும்.

கோஜென் இணைப்பு பாய்லருக்கு முன், திரும்பும் குழாயில் வரவேண்டும். பாய்லரின் செட்பாயின்ட்டை (அது எட்டப் பார்க்கும் வெப்பநிலையை) சற்றுக் குறைத்து, கிளம்ப நேரத் தாமதமும் வையுங்கள். இல்லையென்றால் பாய்லர் முந்திக்கொண்டு எரியும், எஞ்சின் வெப்பத்தைக் கொடுக்க இடமின்றி நிற்கும்.

மின் இணைப்பு அனுமதிக்கு சீக்கிரமே விண்ணப்பியுங்கள், அதில்தான் காலம் போகும். ஒற்றை வரி வரைபடம், எஞ்சினிலிருந்து வரும் ஷார்ட் சர்க்யூட் மின்னோட்டக் கணக்கு, பாதுகாப்பு ரிலே அமைப்புகள் ஆகியவற்றைக் கேட்பார்கள். கிரிட் (பொது மின்வலை) போனால் ரிலே ஜெனரேட்டரை அதிலிருந்து பிரித்தே ஆகவேண்டும். ஆகவே கோஜென் இருந்தால் மின்வெட்டே தெரியாது என்று நினைக்க வேண்டாம். தனித்து ஓட வேண்டுமானால் சுமை குறைக்கும் ஏற்பாடு, கிரிட் இல்லாமல் கிளம்பும் வசதி, தனி சுவிட்ச் எல்லாம் முதலிலேயே வாங்கவேண்டும். சத்தமும் புகைக்குழாய் உயரமும் உள்ளூர் விதிப்படி.

பராமரிப்பு ஒப்பந்தத்தை ஓடிய மணிக்கணக்கில் போடுவது வழக்கம். ஆயில் மாற்றம் எஞ்சினைப் பொறுத்து 1,000 முதல் 2,000 மணிக்கு ஒருமுறை, பெரிய எஞ்சின்களுக்கு முழு ஓவர்ஹால் 60,000 மணி வாக்கில், சிறியவற்றுக்கு முன்னதாகவே. உத்தரவாதத்தை மட்டும் பயன்பட்ட வெப்பத்தின் கிலோவாட்-மணியில் கேளுங்கள். வெப்ப மீட்டர் எங்கே உட்கார்ந்திருக்கிறது என்றும் வரைபடத்தில் பாருங்கள்: எஞ்சினுக்கும் டம்ப் ரேடியேட்டருக்கும் (மிஞ்சிய வெப்பத்தைக் காற்றில் விடும் கருவி) நடுவில் இருந்தால், காற்றில் விட்ட வெப்பமும் பயன்பட்டதாகவே எண்ணப்படும்.