முசுறு வைத்த தோரணம்

அப்பச்சியின், அதாவது என் அப்பாவின், அறுபதாம் கல்யாணத்துக்கு பள்ளத்தூர் வீட்டு முகப்பில் தோரணம் கட்ட வேண்டும். பின்கட்டில் இவ்வளவு பெரிய மாமரத்தை வைத்துக்கொண்டு காரைக்குடிக்குப் போய் மாவிலை வாங்கினால் ஊர் சிரிக்கும் என்றது அப்பத்தா. சரியென்று அண்ணன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஏறினான். ஏறியதைவிட வேகமாக இறங்கினான்.

முசுறு எறும்பு! கிளைக்குக் கிளை பச்சை இலைகளைச் சேர்த்துத் தைத்துக் கூடு வைத்திருக்கிறது. அதற்குக் கொடுக்கு கிடையாது. கடித்துவிட்டு, கடித்த இடத்திலேயே ஃபார்மிக் அமிலத்தைப் பீய்ச்சும், அதனால்தான் அந்த எரிச்சல் என்றேன். அண்ணன் அப்போது அறிவியல் கேட்கிற நிலையில் இல்லை. வேட்டியை உதறிக்கொண்டே கிணற்றடியைச் சுற்றி ஓடிக்கொண்டிருந்தான்.

தாழ்ந்த கிளை ஒன்றில் புதுக்கூடு வேலை நடந்துகொண்டிருந்தது. அப்பத்தா நாற்காலியைப் போடச் சொல்லி, கண்ணாடியை மாட்டிக்கொண்டு மேற்பார்வையில் உட்கார்ந்துவிட்டது. வரிசையாக நின்ற எறும்புகள் ஓர் இலையின் ஓரத்தைக் கடித்து, அடுத்த இலையை நோக்கி இழுக்கின்றன. எட்டாத இடத்தில் ஒன்றின் இடுப்பை இன்னொன்று கவ்விச் சங்கிலி போடுகின்றன. இரண்டு ஓரமும் நெருங்கியதும் உள்ளேயிருந்து ஓர் எறும்பு வெள்ளையாக எதையோ வாயில் தூக்கிக்கொண்டு வந்தது. அதன் தலையை இந்த இலையில் ஒரு தொடு, அந்த இலையில் ஒரு தொடு. நடுவில் பட்டு இழை ஓடுகிறது.

“அது என்னடி கையில?”

“அவுகளோட புழுக்குஞ்சு அப்பத்தா. பெரிய எறும்புக்கு நூல் வராது. குஞ்சுக்குத்தான் வரும்.”

“பச்சப்புள்ளையையா வேலைக்கு விடுறாக?” என்று வருத்தப்பட்டவர், உடனே அண்ணன் பக்கம் திரும்பி, “இங்க ஒண்ணு முப்பது வயசாகியும் ஒரு துரும்பைத் தூக்கிப் போடல” என்றார்.

தோட்டக்காரர் மருந்தடிக்கலாமா என்று கேட்டார். கூடாது என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டது அப்பத்தா. காரைக்குடியில் பழைய வீட்டுத் தூணும் நிலையும் கடையில் விலைக்கு நிற்கிற காலத்தில், குடியிருக்கிற வீட்டை இடிப்பதாவது! எனக்கும் அதுதான் சரியென்று பட்டது. மரத்துப் பூச்சிகளை முசுறு பிடித்துத் தின்கிறது. தேன்போலச் சுரக்கும் செதில் பூச்சிகளை அதுவே காவல் காத்து வளர்க்கவும் செய்யும் என்பதை மட்டும் நான் சொல்லவில்லை.

அடுத்து, பங்காளி வீட்டு மரத்தில் கேட்கலாமென்று வேலிப் பக்கம் போனோம். கருவேல முள்ளில் காய்ந்த இலையெல்லாம் சேர்த்துப் பின்னிய அழுக்கு வலை மூட்டை. உள்ளே ஏகப்பட்ட சிலந்திகள். பொதுவாக ஒன்றையொன்று கண்டால் ஆகாத சாதி; இந்த இனம் மட்டும் கூட்டுக் குடும்பமாக இருந்து, வலையில் விழுந்த இரையையும் சேர்ந்தே தின்கிறது.

“ஒரே வீட்டுல இத்தனை புள்ளியா? சண்டையில்லையா?” அப்பத்தாவுக்கு ஆச்சரியம். புள்ளி என்றால் எங்கள் பக்கம் தனிக் குடும்பம். எங்கள் வீட்டுப் பட்டாசாலைக் கூடத்தில் ஓடு உடைந்ததை யார் செலவில் மாற்றுவது என்று பங்காளிகள் பேசத் தொடங்கியபோது நான் பள்ளிக்கூடத்தில் இருந்தேன். இன்னும் பேசிக்கொண்டிருக்கிறார்கள்.

“சண்டையில்லை அப்பத்தா. ஆனா குஞ்சுக கடைசியில ஆத்தாளையே தின்னுரும்.”

அப்பத்தா அப்பச்சியை ஒரு பார்வை பார்த்தது. மணிவிழா மாப்பிள்ளை சமையல்காரரைப் பார்க்க வேண்டுமென்று நழுவிவிட்டார்.

பங்காளி வீட்டில் பூட்டு. கடைசியில் அண்ணன் உடம்பெல்லாம் சாம்பலைப் பூசிக்கொண்டு மறுபடி ஏறி, கூடில்லாத கொப்பாகப் பார்த்து ஒடித்து வந்தான். தோரணமும் கட்டியாயிற்று. அதில் இரண்டு இலைக்கு நடுவே பாதிக் கூடு ஒட்டிக்கொண்டு வந்ததை யாரும் கவனிக்கவில்லை.

மறுநாள் காலை விருந்தாளிகள் எல்லோரும் சுகமாக உள்ளே வந்தார்கள். கிழக்குப் பங்குக்காரர் மட்டும் நிலைக்கு நேர் கீழே நின்று, விசேஷம் முடிந்ததும் அந்த ஓடு மாற்றுகிற விஷயத்தைப் பேசிவிடலாம் என்று ஆரம்பித்தார். அடுத்த நிமிடம் பட்டுச் சட்டையைக் கழற்றிக்கொண்டு திண்ணையில் குதித்தார்.

“பாத்தியா,” என்றது அப்பத்தா என் காதில், “அதுக்கும் ஆள் தெரியுது.”