பள்ளிக்குள் வரும் மெடிக்கெய்ட்

அமெரிக்காவில் ஒரு பள்ளி மாவட்டத்தில் ஸ்பீச் தெரபிஸ்டாக இருக்கிறேன். பிள்ளைகளோடு இருக்கும் நேரம் போக, மீதியில் பெரும்பகுதி மெடிக்கெய்ட் பதிவுகளுக்கே போய்விடும். மெடிக்கெய்ட் என்பது முக்கியமாகக் குறைந்த வருமானக் குடும்பங்களுக்காக மத்திய அரசும் மாநிலங்களும் சேர்ந்து நடத்தும் மருத்துவக் காப்பீடு. "நன்றாகச் செய்தான்" என்று மட்டும் எழுதினால் அதிலிருந்து பள்ளிக்குப் பணம் வராது. எப்போது தொடங்கினோம், எப்போது முடித்தோம், பையன் டேப்லெட்டில் படத்தைத் தொட்டு யாரும் சொல்லாமலே எத்தனை முறை தண்ணீர் கேட்டான் என்பது வரை எழுத வேண்டும்.

மாற்றுத்திறன் பிள்ளைகளுக்குக் கட்டணமில்லாக் கல்வியும், கற்பதற்குத் தேவையான தெரபியும் தர வேண்டும் என்று 1975-லேயே சட்டம் வந்தது. இதற்காக, நாட்டில் ஒரு மாணவருக்கு ஆகும் சராசரிச் செலவில் 40 சதவீதம் வரை மத்திய அரசு தரும் என்றார்கள். வழக்கமாக வருவது அதில் பாதிகூட இல்லை. 1988-ல்தான், ஐ.இ.பி. என்கிற தனிக் கல்வித் திட்டத்தில் இருக்கும் சிகிச்சைகளுக்கு மெடிக்கெய்ட் பணம் தரலாம் என்று அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் வழி செய்தது. அந்தப் பணம்தான் இன்று பல பள்ளிகளில் நர்ஸுக்கும் தெரபிஸ்டுக்கும் சம்பளமாகிறது. வயிற்றுக் குழாய் வழியே உணவு ஏற்றிக்கொள்ளும் பிள்ளை பள்ளிக்கு வர முடிவதே அந்த நர்ஸ் இருப்பதால்தான்.

மெடிக்கெய்டுக்கு முதன்முதலாக பில் அனுப்புமுன் பெற்றோரிடம் எழுத்தில் ஒப்புதல் வாங்க வேண்டும். அந்தப் படிவத்தைப் பார்த்ததும் பலர் பயந்துவிடுகிறார்கள். "கையெழுத்துப் போட்டால் வெளியே கிளினிக்கில் நடக்கிற தெரபியை வெட்டிவிடுவார்களா?" என்று ஒரு அம்மா கேட்டார். நியாயமான கேள்விதான். குடும்பத்திடம் பணம் கேட்கக் கூடாது, காப்பீட்டுப் பலன் குறையும் என்றால் அதைத் தொடவே கூடாது, கையெழுத்துப் போடாவிட்டாலும் பள்ளி தெரபியை நிறுத்தக் கூடாது என்று விதி தெளிவாகவே சொல்கிறது. ஆனால் இதெல்லாம் வக்கீல் மொழியில், பொடி எழுத்தில் இருக்கிறது. யாராவது பக்கத்தில் உட்கார்ந்து சொன்னால்தான் புரியும். அதையும் தெரபிஸ்டின் வேலையாகவே நினைக்கிறேன்.

2025 ஜூலையில் மெடிக்கெய்ட் செலவைப் பெரிதாகக் குறைக்கும் சட்டம் கையெழுத்தானது. பள்ளிச் சேவைகளை அது நேராகக் குறிவைக்கவில்லை. சரி, ஆனால் மாநிலத்தின் கை இறுகினால் பள்ளிக்கு வரும் பங்கும் சுருங்கும். தெரபி தரும் கடமை மட்டும் அப்படியே இருக்கும். அந்தச் செலவுக்காக வேறு வகுப்புகளிலிருந்து பணத்தைப் பிடுங்கி, மற்ற பெற்றோர் இந்தப் பிள்ளைகளைக் குறை சொல்லும் நிலை வந்துவிடுமோ என்பதுதான் என் கவலை.